பச்சை உடம்புக்காரியின் நாட்கணக்கு

மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 309ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. ஒரு பெண் தான் புதிதாகப் பெற்ற குழந்தையின் சாவுக்குக் காரணமாகிறாள். அந்த நேரத்தில் பிரசவத்தின் பாதிப்பிலிருந்து அவள் முழுதாக மீளவில்லை. அதனால் அவளுடைய மனம் நிலைகுலைந்திருந்தது. இவ்வளவும் உண்மையென்றால் அவள் செய்தது கொலை ஆகாது. சிசுக்கொலை என்கிற வேறொரு குற்றம். அதற்கு அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. கொலை என்று முடிவானால் 302ஆம் பிரிவுக்குப் போய்விடும். 2023 ஜூலைக்கு முன்பு அந்தப் பிரிவின் பொதுவிதி ஒன்றுதான், தூக்கு.

ஒரு பெண்ணின் உயிரை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தள்ளிவிடக்கூடிய சொல் ஒன்று 309ஏ-க்குள் இருக்கிறது. ‘புதிதாகப் பிறந்த’ குழந்தை என்கிறது சட்டம். எத்தனை நாள் வரைக்கும் புதுசு? பிரிவில் பதில் இல்லை. ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் போனால், அங்கே 310ஆம் பிரிவு 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்று தெளிவாகச் சொல்கிறது. மனம் குலைவதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்கிறது: குழந்தைக்குப் பால் சுரப்பதன் விளைவு.

ஒரே ஆட்சி விட்டுப்போன இரண்டு சட்டப் புத்தகங்களில் ஏன் இரண்டு கணக்கு? இந்தக் கேள்வியோடுதான் நான் பிரசவத்துக்குப் பிந்திய மனநோய்களின் வரலாற்றுக்குள் போனேன். போகப்போக ஒன்று தெரிந்தது. பிள்ளை பெற்றவளுக்கு எல்லோருமே நாள் எண்ணியிருக்கிறார்கள். சாமி கும்பிடுகிறவர்கள் தீட்டுக்கு எண்ணினார்கள். மருத்துவச்சி உடம்புக்கு எண்ணினாள். முதலாளி வேலைக்கு எண்ணினான். நீதிமன்றம் செத்துப்போன குழந்தையின் வயதை எண்ணியது. அவளுடைய மனசுக்கென்று ஒருவர் உட்கார்ந்து நாள் எண்ணுவதற்கு வெகுகாலம் ஆகியிருக்கிறது.

நம்மிடமிருந்தே தொடங்கலாம். பிள்ளை பெற்றவளைத் தமிழில் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறோம். எவ்வளவு நுட்பமான சொல் இது. ஆறாத புண், வேகாத மண், காயாத விறகு என்று பச்சை என்பதற்குள் எத்தனையோ இருக்கிறது. அந்த உடம்பு ஆற வேண்டும், இறுக வேண்டும் என்பதற்காகத்தான் பத்தியம், பிரசவ மருந்து, பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, வேது பிடித்து ஊற்றும் வெந்நீர் எல்லாம். மலாய்க்காரர்களுக்கு 44 நாள் பந்தாங்: வயிற்றைச் சுற்றி இறுக்கும் பெங்கோங் துணி, சூடு காட்டும் துங்கு கல், உடம்பு பிடித்துவிட வரும் பீடான். சீனர்களுக்கு ஒரு மாதம்: இஞ்சி, எள்ளெண்ணெய், காடி, காற்று படாத அறை. நமக்குத் தீட்டுக் கழிப்பும் பெயர் வைப்பும் வீட்டுக்கு வீடு வேறு வேறு நாளில் வந்தாலும், நாற்பது நாள் என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. இந்த மண்ணின் மூன்று இனங்களும் ஒத்துப்போகிற விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் ‘பச்சை மனசு’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளை பெற்றவள் பிதற்றினால் ‘சன்னி கண்டிருச்சு’ என்பார்கள். பிரசவச் சன்னி என்பது பெரும்பாலும் காய்ச்சலோடு வருவது; கிருமித் தொற்றினால் எத்தனையோ பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தின் சொல். காய்ச்சல் இல்லாமல் பிதற்றினால் காத்து கருப்பு. பிதற்றாமல் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயரே இல்லை. ‘அவளுக்குத் திமிரு’ என்பது வேண்டுமானால் ஒரு பெயர்.

மலாயில் ஒரு சொல் இருக்கிறது: மெரோயான். பிரசவத்துக்குப் பின் வருகிற பித்துக்கு ‘கிலா மெரோயான்’ என்று பெயர். உடம்புக்குள் புகுந்த காற்றினால் வருவது என்பது நம்பிக்கை. நோய்க்குப் பெயர் வைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பெயரோடு ஒரு குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பந்தாங்கை அவள் ஒழுங்காகக் காக்கவில்லை, அதனால்தான் வந்தது.

கர்ப்பிணியின் மனசைப் பற்றி நம்மவர்கள் கவலைப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. ‘புள்ளத்தாச்சி மனசு நோகக்கூடாது’ என்பார்கள். வளைகாப்பு போடுவார்கள், கேட்டதை வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் யாருக்காக? வயிற்றில் இருந்தபடியே நாரதரிடம் கேட்டுக்கொண்ட பிரகலாதன் கதையும், வயிற்றில் இருந்தபடியே சக்கர வியூகத்தைக் கற்றுக்கொண்ட அபிமன்யு கதையும் நமக்குத் தெரியும். இரண்டிலும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது பிள்ளைதான். அபிமன்யு கதையில் சுபத்திரை நடுவில் தூங்கிவிடுகிறாள். அதனால் வியூகத்தை விட்டு வெளியே வரும் வழி பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. நிறைமாதக் கர்ப்பிணி கண் அசந்ததுகூட ஒரு மாவீரனின் சாவுக்குக் காரணமாக நம் மரபில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தாய்க்குத் தூக்கம் தேவைப்பட்டது என்று ஒரு வரி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தன் மனசுக்குத் தானே நாள் எண்ணிய ஒருத்தியை நான் சந்தித்தது இங்கிலாந்தில், இன்றைக்கு 600 ஆண்டுகளுக்கு முன்னால். மார்ஜரி கெம்ப், நார்ஃபோக்கின் லின் நகரத்துக்காரி, ஏறக்குறைய 1373இல் பிறந்தவர். எழுதத் தெரியாததால் தன் கதையைச் சொல்லிச் சொல்லிப் பிறரை எழுத வைத்தார். ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று அதைச் சொல்வார்கள். அதன் கைப்பிரதி தொலைந்து, 1934இல்தான் மறுபடி கிடைத்தது. நூலின் தொடக்கத்திலேயே முதல் பிரசவம் வந்துவிடுகிறது. இருபது வயசுக்காரி, கர்ப்பம் முழுக்க நோய், பெற்றதும் சாவு பயம். பாவமன்னிப்புக் கேட்கப் பாதிரியாரைக் கூப்பிடுகிறார். அவர் முழுதாகக் கேட்காமல் கடிந்துகொள்கிறார். அதற்குப் பிறகு புத்தி கலங்குகிறது. பிசாசுகள் தெரிகின்றன. தன் உடம்பைத் தானே கடித்துக்கொள்கிறார், கீறிக்கொள்கிறார். கட்டிப்போடுகிறார்கள். இந்த நிலை எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கு அவர் தரும் கணக்கு: அரை ஆண்டு, எட்டு வாரம், அதற்கு மேல் சில நாட்கள்.

சமயநூல் என்றே அதைப் படிக்கிறார்கள். அவரும் அப்படி நினைத்துத்தான் சொன்னார். எனக்கோ அந்த ‘சில நாட்கள்’ என்ற இடத்தில் மனசு நின்றுவிட்டது. பல வருஷம் கழித்துச் சொல்லும்போதுகூட அவர் அதைச் சுமாராக எட்டு மாதம் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு இந்தக் கணக்கு மருத்துவர்களின் கைக்குப் போக 400 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரீசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் வேலை செய்த எஸ்கிரோல், பிள்ளை பெற்றவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் வரும் மனநோயைப் பற்றித் தனியாக எழுதினார். மருத்துவமனைக்கு வருகிறவர்களைவிட வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கப்படுகிறவர்கள் அதிகம் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. 1858இல் லூயி விக்தோர் மார்சே இந்தப் பொருளுக்கென்றே ஒரு முழு நூலை வெளியிட்டார். கர்ப்ப காலம், பிரசவத்தை ஒட்டிய காலம், பால் கொடுக்கும் காலம் என்று மூன்றாகப் பிரித்தார். முப்பத்தாறு வயதில் இறந்துபோனவர் அவர். 1980இல் இத்துறைக்கென்று ஒரு பன்னாட்டுச் சங்கம் உருவானபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1865இல் எடின்பரோ மனநோயகத்தின் ஏடுகளை எடுத்து வைத்துக்கொண்டு பேட்டி டியூக் என்ற மருத்துவர் எண்ணிப் பார்த்தார். மொத்தம் 155 பெண்கள். கர்ப்பத்தில் 28, பிரசவத்தை ஒட்டி 73, பால் கொடுக்கும் காலத்தில் 54. இந்த 54 பேரை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘பாலூட்டும் காலத்துப் பித்து’ என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் எழுதியது பெரும்பாலும் ஏழைப் பெண்களைப் பற்றி. வரிசையாகப் பிள்ளை, அரை வயிற்றுச் சாப்பாடு, அடுத்த கர்ப்பம் தள்ளிப்போகட்டும் என்று ஒன்றரை இரண்டு வருஷம் விடாமல் பால் கொடுப்பது. பாலோடு சேர்ந்து மூளையின் சத்தும் வடிந்துவிடுகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். காரணம் தப்பு. ஆனால் கண்ணால் பார்த்தது தப்பில்லை. அவர்கள் பார்த்தது வறுமையை. எழுதியது பால் என்று.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் இன்றைக்கும் இருக்கும் ‘பால் சுரப்பதன் விளைவு’ என்ற சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

இனி சட்டத்தின் கதை. 1624இல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. கல்யாணமாகாத பெண் பெற்ற குழந்தை இறந்து, அந்தச் சாவை அவள் மறைத்தால், அவள்தான் கொன்றாள் என்று எடுத்துக்கொள்ளப்படும். குழந்தை செத்தே பிறந்தது என்பதைச் சாட்சி வைத்து அவள்தான் நிரூபிக்க வேண்டும். தனியாக, ஒளிந்து பெற்றவளுக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? 1803வரை இந்தச் சட்டம் இருந்தது. பிறகு நீதிமன்றங்களில் ஒரு நாடகம் தொடங்கியது. தன் பச்சைக் குழந்தையைக் கொன்றவளுக்கு நீதிபதி கறுப்புத் துணியைத் தலையில் வைத்துத் தூக்கு என்று வாசிப்பார். அது நிறைவேறாது என்று நீதிபதிக்குத் தெரியும், ஜூரிகளுக்குத் தெரியும். தெரியாமல் நடுங்கிக்கொண்டிருப்பவள் கூண்டில் நிற்கிறவள் மட்டும்தான். 1921இல் லெஸ்டர் நகரத்தில் 21 வயது ஆலைத் தொழிலாளி ஒருத்திக்கு ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரியின் முன் இப்படித் தீர்ப்பானபோது பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. அடுத்த வருஷமே, 1922இல், சிசுக்கொலைச் சட்டம் வந்தது. ‘புதிதாகப் பிறந்த குழந்தை’, ‘பிரசவத்தின் பாதிப்பிலிருந்து மீளாத நிலை’, ‘மனத்தின் சமநிலை குலைவு’ ஆகிய சொற்கள் எல்லாம் அந்தச் சட்டத்தில் உள்ளவை.

நல்ல சட்டம்தான். ஆனால் 1927இல் ஒரு தாயின் வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தது. இறந்த குழந்தைக்கு 35 நாள். 35 நாள் குழந்தை ‘புதிதாகப் பிறந்தது’ ஆகாது, சட்டம் இவளுக்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். முப்பத்தைந்து நாள். நம் கணக்கில் அவள் இன்னும் நாற்பதைக் கழிக்கவில்லை. பந்தாங்கில் இருக்கும் மலாய்ப் பெண்ணின் கணக்கில் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பத்தியச் சோறு தின்னும் பச்சை உடம்புக்காரி என்று உலகத்துக் கிழவிகள் எல்லாம் ஒப்புக்கொள்ளும் ஒருத்தியின் மனம் தேறிவிட்டதாக, குழந்தையின் வயதை வைத்துச் சட்டம் முடிவு செய்தது.

இந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான் 1938இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். குழந்தையின் வயது 12 மாதம்வரை என்று நீட்டினார்கள். ஒரு வருஷத்துக்கும் பிரசவத்தையே காரணமாகச் சொல்ல முடியாதே? அதற்காகத்தான் பழைய மருத்துவ ஏடுகளிலிருந்த அந்தப் பால் உள்ளே வந்தது. ஆக, சிங்கப்பூர் பேசுவது 1938இன் மொழி. மலேசியா இன்னும் 1922இன் மொழியைப் பேசிக்கொண்டிருக்கிறது. தாய்நாட்டிலேயே 16 வருஷத்தில் போதாது என்று மாற்றப்பட்ட ஒரு சொல், நம்மிடம் நூறு வயதைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவின் கதை வேறு. மெக்காலேயின் வரைவிலிருந்து வந்த 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இப்படியொரு பிரிவே கிடையாது. அங்கே பிள்ளை பெற்றவளின் மனநிலையைச் சொல்ல வேண்டுமென்றால், எல்லோருக்கும் பொதுவான சித்தசுவாதீனமின்மை என்ற குறுகிய வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய பெண்களை இந்த வரலாற்றில் எங்கே வைப்பது? அவர்களுக்கும் நாள் எண்ணினார்கள். தோட்டங்களைப் பற்றிய காலனிய அறிக்கைகளில் பிறப்பு, சிசு மரணம், மலேரியா எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. சிசு மரணம் முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் உறுத்தியது. நாளைய கூலி சாகிறதே. பிள்ளைப்பேற்றுப் படியும் ஆயாக் கொட்டகையும் சட்டத்துக்குள் வந்தன. சுதந்திரத்துக்கு முன்பே, 1955இல், வேலைச் சட்டம் வந்தது. அதன்கீழ் நெடுங்காலம் நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 60 நாள். 2023 ஜனவரியிலிருந்துதான் 98 நாள் ஆனது. சிங்கப்பூரில் 2008இலிருந்து 16 வாரம். இவையெல்லாம் போராடிப் பெற்ற நல்ல விஷயங்கள். ஆனால் அறுபதாம் நாள் முடிந்து விடியற்காலை இருட்டில் பெரட்டுக்குப் போய் நின்றவளின் மனம் எப்படி இருந்தது என்று எழுதும் கட்டம் எந்த அறிக்கையிலும் கிடையாது. 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை திறந்தார்கள். அந்த ஊரின் பெயரே நம் பேச்சில் ஒரு வசவாக ஆகிப்போனது. ஒருத்தி எனக்கு மனசு சரியில்லை என்று வாய் திறப்பதற்கு அந்த ஒரு பெயர் போதும் தடையாக.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அந்த ஏற்பாட்டில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் ஒரு பெண் பயமில்லாமல் அழக்கூடிய இடம் அது. கடல் தாண்டி வந்தவளுக்குத் தாய்வீடு என்பது ஒரு கடிதம், அதுவும் யாரையாவது கெஞ்சி எழுதச் சொல்லி. லயத்தில் அவளுக்குத் தாயாக யார் வருவது?

என் பாட்டி கெடாவில் பால்மரம் வெட்டியவர். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூணாவது பிள்ளைக்குப் பிறகு அவள் தூங்குவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை அழுதால் யாரோ அழுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பாள். “மொதல்ல நாங்களும் காத்து அண்டிருச்சின்னுதான் நெனச்சோம். தலமாட்டுல இரும்பு வச்சோம், வேப்பெல சொருவுனோம். பூசாரி வந்து மந்திரிச்சிட்டுப் போனாரு. ஒண்ணும் ஆவுல. அப்புறம் ஒரு கெழவிதான் சொன்னிச்சி, இவளத் தனியா வுடாதீங்கடி, அது போதும்னு. ஒருத்தி மாத்தி ஒருத்தி போயிப் படுத்துக்குவோம். புள்ளய ஒருத்தி தூக்கிக்குவா. அவ பாட்டுக்கு எதையோ சொல்லிக்கிட்டே இருப்பா, நாங்க ம்ம்னு கேட்டுக்கிட்டே இருப்போம். நாலு மாசம் இருக்கும். அப்புறம் ஒரு நா அவளே எந்திரிச்சி ஒல வச்சா.”

பச்சை உடம்புக்காரியைத் தனியாக விடக்கூடாது என்பது பேய்க்குப் பயந்து சொன்னதாக இருக்கலாம். அந்த லயத்துப் பெண்களுக்கு அது வேறு விதமாகவும் பயன்பட்டிருக்கிறது. இதை வைத்து ‘அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது’ என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அதே லயங்களில் பிசாசு பிடித்தவள் என்று அடிபட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிப் பாட்டிகள் பேசுவதில்லை.

பத்தியமும் அறைக்குள் இருத்தலும் மனசைக் காக்கும் என்று ஒரு கருத்து உண்டு. 1983இல் ஸ்டெர்ன், கிரக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அழுத்தமாக எழுதினார்கள்: பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வும் உதவியும் தனி மரியாதையும் கொடுக்கும் சமூகங்களில் இந்த மனச்சோர்வு குறைவாக இருக்கலாம் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓய்வு என்பது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையை உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள். 1885இல் மகள் பிறந்த பிறகு அவருக்கு வந்த சோர்வுக்கு வெயர் மிட்செல் என்ற பெயர்பெற்ற மருத்துவர் கொடுத்த சிகிச்சை ஓய்வுதான். படுத்திரு, பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்திரு, பேனாவைத் தொடாதே. தான் பைத்தியத்தின் விளிம்புவரை போனதாகக் கில்மன் பின்னால் எழுதினார். அதிலிருந்து வந்த கதைதான் 1892இல் வெளியானது.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு நம் பாரம்பரியப் பெருமையைக் கொஞ்சம் அடக்கிவிடுகிறது. 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் சந்தித்துப் பேசினார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காடு. நூற்றில் பதினொரு பேர். பத்தியம் இருக்கிற, தாய்வீடு இருக்கிற, தாலாட்டு இருக்கிற அதே தமிழ்க் கிராமங்களில்தான். காரணமாகச் சேர்ந்து வந்தவை என்ன தெரியுமா? வருமானக் குறைவு. பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் இருந்த மனக்கசப்பு. கர்ப்ப காலத்தில் நடந்த துயரங்கள். கைக்கு உதவ ஆள் இல்லாமை. ஆக, அறைக்குள் அவளோடு யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அறை அதே அறைதான்.

மனசுக்கென்று நாள் எண்ணும் முறை கடைசியில் வந்தது 1987இல், டியூக் ஏடுகளைப் புரட்டிய அதே எடின்பரோவிலிருந்து. அந்த வருஷம் அந்த ஊரிலிருந்து இரண்டு முக்கியமான கணக்குகள் வெளியாயின. ஒன்று கெண்டலும் அவர் குழுவினரும் செய்தது. 54,087 பிரசவங்களின் பதிவுகளை மனநல மருத்துவமனைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். பிரசவமான 90 நாளுக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவை 120. அதிலும் தீவிரமான சித்தப்பிரமை முதல் 30 நாளுக்குள் செங்குத்தாக எழும்பி நின்றது. ஒரு பெண்ணின் வாழ்நாளிலேயே மனம் உடையும் ஆபத்து மிகக் கூடுதலாக இருக்கும் நாட்கள் அவை. நம் கிழவிகள் கதவைச் சாத்தி வைத்த அதே நாட்கள்.

இன்னொன்று, காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி மூவரும் உருவாக்கிய பத்துக் கேள்விகள். ஜான் காக்ஸ் அதற்கு முன் உகாண்டாவில் வேலை செய்தவர். அங்கே கண்டா மக்களிடம் ‘அமகிரோ’ என்ற சொல்லைக் கேட்டு அதைப் பற்றி 1979இல் எழுதியிருக்கிறார். பிரசவத்துக்குப் பின் வரும் பித்து அது. கர்ப்ப காலத்தில் ஒழுக்கம் தவறினால் வருவது என்பது அங்குள்ள நம்பிக்கை. மெரோயானைப் போலவே பெயரும் பழியும் சேர்ந்து வரும் சொல். எடின்பரோவின் பத்துக் கேள்விகளில் பழி கிடையாது. சிரிக்க முடிகிறதா, ஒன்றை எதிர்பார்த்து மகிழ முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, துக்கத்தால் தூக்கம் கெடுகிறதா, தனக்கே தீங்கு செய்துகொள்ளத் தோன்றியதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3வரை மதிப்பெண். களைப்பு, பசியின்மை பற்றி அதில் கேட்பதில்லை. பிள்ளை பெற்ற எவள் களைப்பாக இல்லை? எல்லாக் கேள்வியும் ஒரே கால அளவைப் பற்றியது: கடந்த 7 நாட்கள்.

அந்த ஏழு எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தையின் வயது என்ன, தீட்டுக் கழிந்ததா, விடுப்பு முடிந்ததா என்று எதையும் அது பார்ப்பதில்லை. இந்த வாரம் நீ எப்படி இருந்தாய் என்று அவளையே கேட்கிறது. தமிழிலும் மலாயிலும் இந்தக் கேள்வித்தாள் வந்துவிட்டது.

கேட்டுவிட்டு என்ன செய்வது? 1989இல் அதே மூவர் அதையும் சோதித்தார்கள். சோர்வுக்கு ஆளான தாய்மாரில் 26 பேரை, சிறு பயிற்சி பெற்ற சுகாதாரத் தாதியர் வாரம் ஒருமுறை என எட்டு வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். அறிவுரை சொல்வதற்காகப் போகவில்லை. பேச விட்டுக் கேட்பதற்காகப் போனார்கள். 18 பேர் தேறினார்கள். அப்படி யாரும் போகாத 24 பேரில் தேறியது 9. லயத்தில் மாற்றி மாற்றிப் போய்ப் படுத்துக்கொண்ட பெண்கள் இதைப் பார்த்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டால் மட்டும் போதாத நோய் ஒன்றும் இருக்கிறது. கெண்டல் எண்ணிய அந்தத் தீவிரச் சித்தப்பிரமை ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. அதற்கு மருத்துவமனை வேண்டும், மருந்து வேண்டும், அன்றைக்கே வேண்டும். பூசாரிக்குக் காத்திருக்க அதில் நேரம் கிடையாது.

மருத்துவமும் நாட்கணக்கில் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு வாரத்தைக் கோடாகப் போட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு நாலு வாரம் என்றது. 2013இல்தான் கர்ப்ப காலத்தையும் அதற்குள் சேர்த்தது. மார்சே 1858இல் சொன்னதற்கு 155 வருஷம் கழித்து.

மலேசியச் சட்டத்தில் அந்த ஒரு சொல்லை மாற்றுவது பெரிய காரியமில்லை. பக்கத்து நாட்டில் வாசகம் தயாராகவே இருக்கிறது. பாலைப் பற்றிய பழைய நம்பிக்கையை விட்டுவிட்டு, 12 மாதம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். ஆனால் எந்தச் சட்டமும் ஒரு குழந்தை செத்த பிறகுதான் அந்தத் தாயின் மனசை விசாரிக்க வருகிறது. அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலர் இன்னும் சில வருஷத்தில் அக்காவுக்கோ அண்ணிக்கோ தோழிக்கோ பிள்ளை பிறந்ததென்று பார்க்கப் போவீர்கள். சிலர் நீங்களே அந்தக் கட்டிலில் இருப்பீர்கள். பிள்ளை யார் ஜாடை, பால் குடிக்குதா, எத்தனை கிலோ என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கேட்டு முடிக்கட்டும். கூட்டம் கலைந்ததும் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த வாரம் நீ எப்படி இருந்த?” என்று கேளுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் நடுவில் குறுக்கிடாதீர்கள். அடுத்த வாரமும் போங்கள்.